தாது வருஷத்துச் சாட்சிகள்: சேலம், பாராமகால் கிராமங்களில் மிஷன் பணியும் மக்கள் வாழ்வும்

பொம்மிடிக்கும் மொரப்பூருக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்து ஊர் கடத்தூர். தென்மேற்கே சேர்வராயன் மலை, கிழக்கே அரூர், வடமேற்கே தர்மபுரி. 1965 அக்டோபர் 2 அன்று தர்மபுரி மாவட்டம் உருவாகும் வரை இந்தப் பகுதி முழுவதும் சேலம் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்னால், 1792இல் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த நிலப்பரப்பில் சேலமும், இந்தப் பகுதி அடங்கிய பாராமகாலும் சேரும். கேழ்வரகு, சாமை, கொள்ளு, புளி என்று மழையை நம்பிப் பிழைத்த இந்த ஊர்களுக்கு நானூறு ஆண்டுகளாகக் கிறிஸ்தவ ஊழியர்கள் வந்துபோயிருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள், இங்குள்ள மக்கள் அவர்களை என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு நம்மிடையே இரண்டு ஆயத்தப் பதில்கள் உலவுகின்றன. பள்ளியும் ஆஸ்பத்திரியும் தந்த தெய்வ மனிதர்கள் என்பது ஒன்று. அரிசியைக் காட்டி மதம் மாற்றிய வெள்ளைக்காரர்கள் என்பது மற்றொன்று. ஒன்று கோயில் விழா மலர்களில் வாழ்கிறது, மற்றது மேடைகளில் வாழ்கிறது. இரண்டிலும் வந்தவரைப் பற்றிய பேச்சுத்தான் இருக்கிறது. களி கிண்டித் தின்றவரைப் பற்றிய பேச்சு இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மண்ணில் மிஷன் பணியை நடத்தியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் உபதேசியார்களும் அவர்களுடைய வீட்டுப் பெண்களும். அதன் போக்கைத் தீர்மானித்தவை பஞ்சம், கொள்ளைநோய், சாதி ஆகிய மூன்றும். பாதிரிமார் விட்டுச்சென்றவற்றில் நமக்கு மிகவும் பயன்படக்கூடியவை அவர்களுடைய கடிதங்கள். வேறு எந்த ஏட்டிலும் பதிவாகாத எளிய மக்களின் அன்றாட வாழ்வு அவற்றில் இருக்கிறது.

முதலில் வந்தவர் ராபர்ட் தெ நொபிலி. 1606இல் மதுரைக்கு வந்து காவி உடுத்து, மரக்காலணி அணிந்து, சைவ உணவு உண்டு சந்நியாசியாக வாழ்ந்த இத்தாலியர். அவர் மேற்கொண்ட வழிமுறைகளுக்குப் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் 1623 ஜனவரியில் ஒப்புதல் தந்தார். அதே ஆண்டில் நொபிலி வடக்கு நோக்கிப் புறப்பட்டார். திருச்சி, சேந்தமங்கலம், சேலம் என்று நீண்ட அந்தப் பயணத்தில் சேந்தமங்கலத்து ராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையுடன் வரவேற்றார். சேலத்துச் சிற்றரசரின் உறவினரான திருமங்கல நாயக்கர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு மைசூர் மிஷனின் சேசு சபையினர் மேற்கிலிருந்து வந்தார்கள். தர்மபுரியை அடுத்த கோவிலூர் இந்த வட்டாரத்தின் மிகப் பழைய கத்தோலிக்க ஊர்களில் ஒன்று. 1773இல் ரோம் சேசு சபையைக் கலைத்தது. அதன் பிறகு பாரிஸ் அயல்நாட்டு மிஷன் சபையின் குருக்கள் பொறுப்பேற்றார்கள். 1930இல் சேலம் மறைமாவட்டமும் 1997இல் தர்மபுரி மறைமாவட்டமும் உருவாயின.

புராட்டஸ்டண்டுகளில் லண்டன் மிஷனரி சங்கம் 1827இல் சேலத்தில் கால் வைத்தது. முதலில் வந்த ஹென்றி கிறிஸ்ப் நான்கே ஆண்டில், 1831இல் இறந்தார். 1840 முதல் 1861இல் சாகும் வரை அங்கு உழைத்தவர் ஜெர்மானியரான ஜே. எம். லெக்லர். வெறும் பிரசங்கத்தால் யாருக்கும் சோறு கிடைக்காது என்று கண்டு தொழிற்பள்ளி நடத்தினார். சேலத்தில் அவர் பெயரால் இன்றும் ஆலயம் இருக்கிறது. லூத்தரன்களில் அமெரிக்க மிசூரி சபை தனது முதல் இந்தியத் தளத்தை 1895இல் கிருஷ்ணகிரியில் அமைத்தது.

இந்தப் பெயர்ப் பட்டியலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நம் ஊர்களின் இந்த வரலாறு சீனத்துக் கிராமங்களின் வரலாற்றோடு இரண்டு இடங்களில் பின்னிக்கிடக்கிறது என்பது. முதல் முடிச்சு ஒரு மனிதர். மயாரு தெ தூர்னோன் என்ற பாப்பரசரின் தூதர் 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். உள்நாட்டுக் கிராமம் எதையும் பார்க்காமல், நோய்வாய்ப்பட்டிருந்த நிலையிலேயே விசாரித்து, 1704இல் ஓர் ஆணை பிறப்பித்தார். தமிழ்க் கிறிஸ்தவர்களின் தாலியில் எந்த உருவம் இருக்கலாம், ஞானஸ்நானத்தில் எச்சில் தொடும் சடங்கை விடலாமா, மாதவிலக்கான பெண் கோயிலுக்கு வரலாமா, சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருவானவர் நுழைந்து அவஸ்தை பூசுதல் தரவேண்டுமா என்றெல்லாம் அந்த ஆணை தீர்ப்புச் சொன்னது. பிறகு அவர் கப்பலேறிச் சீனா போனார். 1705 டிசம்பர் 31 அன்று பீகிங்கில் காங்சி பேரரசரைச் சந்தித்தார். முன்னோர் வழிபாடு பற்றிய அவரது நிலைப்பாடு பேரரசரின் கோபத்தைக் கிளறியது. 1710இல் அவர் மக்காவில் காவலில் இறந்தார். 1724இல் யோங்செங் பேரரசர் கிறிஸ்தவத்தையே தடைசெய்தார். சீனச் சடங்குகளை ரோம் 1742இலும், மலபார் சடங்குகள் என்று பெயரிடப்பட்ட நம் வழக்கங்களை 1744இலும் இறுதியாகக் கட்டுப்படுத்தியது. இரு தடைகளும் 1939, 1940 ஆண்டுகளில்தான் தளர்ந்தன.

இதைப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான். தாலியையும் தீட்டையும் பற்றிய அந்தச் சண்டையில் பறையர் வீட்டு வாசலைப் பற்றிய பகுதி தனித்து நிற்கிறது. மற்ற விஷயங்களில் ரோமின் தூதர் ஊரறியாமல் கட்டளையிட்டார் என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஆனால் சாகும் மனிதனின் வீட்டுக்குள் நுழையத் தயங்கிய குருக்களைக் கண்டித்ததில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. உள்ளூர் வழக்கத்தை மதிப்பது என்ற பெயரில் உள்ளூர்க் கொடுமையையும் மதித்துவிட முடியும் என்பதற்கு நொபிலியின் வழிவந்தவர்களே உதாரணம். நொபிலியைப் போற்றும் நூல்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகின்றன.

ஆடை விஷயத்திலும் ஒற்றுமை உண்டு. 1865இல் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கிய ஹட்சன் டெய்லர் சீன உடை தரித்து, தலைமுடியைச் சடையாகப் பின்னிக்கொண்டார். அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மதுரையில் நொபிலி காவி கட்டிவிட்டார். நம்மிடம் வந்த புராட்டஸ்டண்டுகளோ பெரும்பாலும் தொப்பியையும் பூட்ஸையும் விடவில்லை.

இனி அன்றாடத்துக்கு வருவோம். பங்களாவில் இருந்த மாதங்களைவிட, மார்கழி முதல் மாசி வரையிலான கூடார மாதங்கள்தாம் மிஷன் பணியின் உயிர். அறுவடை முடிந்து, வெயில் ஏறாத காலம். இரட்டை மாட்டு வண்டியில் கூடாரம், கட்டில், பாத்திரம், மருந்துப்பெட்டி, சுவிசேஷப் பிரதிகள். ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் கூடாரம் போடுவார்கள். விடியற்காலையில் இரண்டு மூன்று ஊர்கள், வெயில் நேரத்தில் கூடாரத்துக்குத் தேடி வருபவர்களிடம் பேச்சு, மாலையில் இன்னொரு ஊர். சந்தை நாள் வந்தால் அங்கே போய் நிற்பார்கள். முதலில் உபதேசியார் ஒரு கீர்த்தனை பாடுவார், கூட்டம் சேர்ந்ததும் துரை பேசுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாய விளக்குப் படங்களும் வந்தன. வெள்ளைத் துணியில் விழும் ஒளிப்படத்தைப் பார்க்க ஊரே திரண்டது. திரண்டவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள் என்பதையும் அந்தக் கடிதங்கள் நேர்மையாகவே ஒப்புக்கொள்கின்றன.

அந்தக் கூடாரத்து எழுத்தில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. எந்த ஊரில் கிணறு வற்றியது, எந்த வாரம் காலரா வந்தது, தானியம் ரூபாய்க்கு எத்தனை படி விற்றது, மாடு செத்தவன் என்ன செய்தான், பண்ணையாள் எவ்வளவு கடனுக்குக் கட்டுப்பட்டிருந்தான் என்பவை. அரசாங்கத்திலும் இத்தகைய பதிவு உண்டு. 1792 முதல் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலை அளந்து, வரி விதித்து எழுதிவைத்த பாராமகால் ஆவணங்கள் பெரும் புதையல். ஆனால் வரி வாங்க வந்தவர் எழுதியது நிலத்தை மையமாகக் கொண்டது. நிலமில்லாதவர் அதில் மங்கலாகத் தெரிகிறார். பாதிரியார் பெரும்பாலும் நிலமில்லாதவரிடம்தான் போனார். ஆகவே அவரது கடிதத்தில் சேரி தெரிகிறது.

இந்தக் கடிதங்களை நம்பலாமா? நம்பியாகவேண்டிய கட்டாயம் ஏற்கெனவே வந்துவிட்டது. நாயக்கர் ஆட்சியின் வரலாற்றை 1924இல் எழுதிய சத்தியநாத ஐயர், மதுரை மிஷனின் ஆண்டு மடல்களை முக்கியச் சான்றாகக் கொண்டார். அந்தப் போர்களையும் பஞ்சங்களையும் நாம் அறிவது பெரிய அளவில் அவற்றின் வழியாகத்தான். ஆனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வாசகர் இருந்தார், அவர் ஐரோப்பாவில் காணிக்கை போடுபவர். அவர் மனம் இளகவேண்டும் என்பதற்காக இருள் கூடுதலாகக் கறுக்கப்பட்டது, மனம் திரும்பியவர்களின் கண்ணீர் கூடுதலாகப் பெருகியது. விக்கிரகம், மூடநம்பிக்கை என்ற சொற்கள் வரும் பத்திகளில் எச்சரிக்கை வேண்டும். விலைவாசி, மழை, நோய் வரும் பத்திகளில் பொய் சொல்ல அவர்களுக்குக் காரணமில்லை. இந்த வேறுபாட்டைக் காணத் தெரிந்தவருக்கு அந்தக் காகிதங்கள் வற்றாத ஊற்று.

சீனத்தோடு இரண்டாவது முடிச்சு தாது வருஷப் பஞ்சம்.

1876இல் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் தவறின. பசிபிக் பெருங்கடலின் நீர் வெப்பமடைந்ததால் ஏற்பட்ட அதே பருவக் கோளாறு வட சீனாவையும் வாட்டியது. ஒரே சமயத்தில் சேலத்திலும் ஷான்சியிலும் வயல் வெடித்தது. வட சீனாவில் 1876 முதல் 1879 வரை 90 லட்சம் முதல் 1.3 கோடிப் பேர் வரை மாண்டார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் சுமார் 19.67 லட்சம். 1881இல் சுமார் 16 லட்சம். பத்தாண்டில் பிறந்தவர்களையும் கணக்கில் சேர்த்த பிறகும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான மனிதர்கள் இல்லை. சிலர் வேறிடம் போனார்கள். மிகப் பலர் செத்தார்கள். இந்த மாவட்டத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்வு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இது போதிய அளவு பேசப்படுவதில்லை.

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலத்துக்கு 1860களின் தொடக்கத்திலேயே ரயில் வந்துவிட்டது. தானியம் வராமல் மக்கள் செத்தார்கள் என்று சொல்ல முடியாது. வந்த தானியத்தை வாங்கக் கையில் காசில்லாமல் செத்தார்கள். நிவாரண வேலைகளுக்குக் கூலியை நிர்ணயிக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தை அடிப்படையாக வைத்துக் கூலியைக் குறைத்தார். கல் உடைக்கும் மனிதன் அதைத் தின்று உயிர்வாழ முடியாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். கூலி குறைந்த முகாம்களை விட்டு மக்கள் கூட்டமாக வெளியேறினார்கள்.

இங்கேதான் பாதிரிமார்களின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. 1877 ஆகஸ்டில் சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபு லண்டனுக்கு வேண்டுகோள் விடுத்தார். மேன்ஷன் ஹவுஸ் நிதி என்ற நிவாரண நிதி திரண்டது. பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி அதன் செயலராக இருந்து, 1878இல் பஞ்சத்தின் வரலாற்றையும் எழுதினார். அந்தப் பணத்தை விதைத் தானியமாக, உழவு மாடாக, கூரைக் கீற்றாக ஊர்களுக்குக் கொண்டுசேர்த்த குழுக்களில் அதிகாரிகள், வணிகர்களோடு பாதிரிமாரும் இருந்தார்கள். சேரிக்குள் போய் யார் வீட்டில் பசி என்று பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் அந்தக் குழுக்களில் அவர்களும் அவர்களுடைய உபதேசியார்களும்தான். சீனத்தில் இதே வேலையை ஷான்டோங்கிலும் ஷான்சியிலும் செய்தவர் வேல்ஸ் நாட்டு பாப்டிஸ்ட் திமொத்தி ரிச்சர்ட். ஊர் ஊராகப் பெயர்ப் பட்டியல் தயாரித்துப் பணம் கொடுத்தார். பஞ்சத்துக்குப் பிறகு, வெறும் மதப் பிரசாரத்தால் பயனில்லை, ரயில், நீர்ப்பாசனம், விஞ்ஞானக் கல்வி வேண்டும் என்று சீர்திருத்தவாதியாகவே மாறினார்.

அரிசிக்கு மதம் மாறினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வலுச்சேர்த்தது இந்தப் பஞ்சம். திருநெல்வேலியில் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் கூட்டமாகச் சேர்ந்தார்கள் என்பது உண்மை. சேலம் பக்கம் அப்படி நடக்கவில்லை. பசியே காரணமென்றால், பசி அதிகமாயிருந்த இந்த மாவட்டத்தில்தான் கூட்டம் அதிகமாகச் சேர்ந்திருக்க வேண்டும். திருநெல்வேலியில் நாடார் சமூகம் ஏற்கெனவே எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தது. பள்ளியும் சபையும் அந்த எழுச்சிக்கு ஊன்றுகோலாயின. இங்கே சேரி மக்கள் பண்ணையாட்களாகக் கடனில் கட்டுண்டு கிடந்தார்கள். கூட்டமாக நகர அவர்களுக்கு நிலமும் இல்லை, தலைமையும் இல்லை. லண்டன் மிஷனுக்கோ இந்தப் பரந்த மாவட்டத்துக்குப் போதிய ஆள் எப்போதும் கிடைத்ததில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு. தர்மபுரி மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுதான். சோற்றுக்கு மதம் விற்ற மாவட்டம் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை அவர் முன் வைக்கலாம்.

சாதிக்கு எதிராக மிஷன்கள் என்ன செய்தன? 1850இல் சென்னையில் கூடிய புராட்டஸ்டண்ட் மிஷனரி மாநாடு, சபையில் சேருபவர் எல்லோருடனும் உட்கார்ந்து உண்ணவேண்டும் என்று கடுமையாகத் தீர்மானித்தது. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த லூத்தரன்கள் அதை ஏற்கவில்லை. கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றில் தனி வரிசையும் தனிக் கல்லறையும் நெடுங்காலம் நீடித்தன. தீர்மானத்தில் கண்டிப்பானவர்களும் நடைமுறையில் தடுமாறினார்கள். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. சேரிப் பிள்ளை சிலேட்டைக் கையில் பிடித்த முதல் இடம் பல ஊர்களில் மிஷன் பள்ளிதான். மரத்தடி, ஓலைக்கூரை, ஒரே ஆசிரியர். 1854க்குப் பிறகு வந்த அரசு மானியம் அந்தப் பள்ளிகளை இழுத்துப் பிடித்து நிறுத்தியது.

அந்த ஒரே ஆசிரியர்தான் உபதேசியாரும். பகலில் எழுத்து, மாலையில் ஜெபம், இரவில் பாம்புக்கடிக்குக் கூப்பிட்டாலும் அவர்தான். மணியக்காரரிடம் மனு எழுதுவதும், பத்திரம் படித்துச் சொல்வதும் அவர்தான். சம்பளம் சொற்பம். அவர் மனைவி வீட்டுப் பெண்களிடம் போய்ப் படிக்கச் சொல்லித்தந்தார், பிரசவத்துக்குத் துணையிருந்தார். துரை ஆண்டுக்கு ஒருமுறை ஒரு ஊரைப் பார்த்தால் அதிகம். மீதி முன்னூற்று அறுபது நாளும் அந்த ஊரில் கிறிஸ்தவம் என்பது இந்தக் குடும்பம்தான். ஆனால் அறிக்கைகளில் அவருக்குப் பெயர் இல்லை. சுதேச உபதேசியார், இன்ன ஊர் ஆசிரியர் என்ற குறிப்போடு முடிந்துவிடுகிறது. துரைக்குக் காய்ச்சல் வந்தது ஒரு பக்கம் எழுதப்படும். அவரைத் தூக்கி வந்தவரின் பெயர் எழுதப்படாது. சீனத்தில் இப்படிப்பட்ட ஒருவருக்காவது பெயர் நின்றது. ஷான்சி பஞ்சத்துக்குப் பின் 1879இல் மெதடிஸ்ட் டேவிட் ஹில் நடத்திய கட்டுரைப் போட்டியின் மூலம் மிஷனுக்கு அறிமுகமான ஷி ஷெங்மோ என்ற கன்ஃபூசியப் படிப்பாளி, தாமே அபினை விட்டு, அபினுக்கு அடிமையானவர்களை மீட்கும் இல்லங்களை நடத்தினார். அவருக்கு வரலாறு எழுதப்பட்டது. நம் உபதேசியார்களுக்கு அது நடக்கவில்லை.

மருத்துவம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், அது பலர் அறிந்தது. வேலூரில் ஐடா ஸ்கட்டர் மருத்துவமனை தொடங்கியது உலகறிந்த கதை. நம் பக்கத்தில் 1913இல் மிசூரி சபையின் டாக்டர் டோடர்லைனும் செவிலியர் லூலா எல்லர்மனும் பர்கூரில் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே, 1904இல் கிருஷ்ணகிரியில் பிளேக் பரவியபோது, அந்த மிஷனின் முதல் ஊழியர்களில் ஒருவரான தியோடர் நேதர் அதே நோய்க்குப் பலியானார். ஊரைவிட்டு ஓட வசதியிருந்தும் இருந்து செத்தவர்களை என்ன காரணம் சொல்லியும் சிறுமைப்படுத்தக் கூடாது.

1921இல் திருப்பத்தூரில் பிறந்த கிறிஸ்துகுல ஆசிரமம் வேறொரு திசையைக் காட்டியது. டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்து டாக்டர் ஏர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் சம உரிமையோடு அதை நடத்தினார்கள். கதர் உடை, எளிய உணவு, கோபுர அமைப்பில் ஜெபாலயம், ஏழைகளுக்கு மருத்துவம். 1932இல் சென்னையில் கதர் அணிந்த பேட்டனைப் போலீசார் அடித்தார்கள். நொபிலி உயர்சாதிக்காரரின் வேடத்தில் தேடிய நெருக்கத்தை இவர்கள் ஏழையின் வேடத்தில் தேடினார்கள். இந்த வட்டாரத்தின் மிஷன் முயற்சிகளில் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது இதுதான்.

1949க்குப் பிறகு சில ஆண்டுகளில் சீனாவிலிருந்து வெளிநாட்டு மிஷனரிகள் அனைவரும் வெளியேற நேர்ந்தது. அத்தோடு கிறிஸ்தவம் முடிந்தது என்று எண்ணினார்கள். ஆனால் கிராமங்களில் உள்ளூர்ப் போதகர்களும் பெண்களும் வீடுகளில் கூடி அதைக் காப்பாற்றினார்கள். இன்று அங்கே பல கோடிக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். மிஷன் பணியை உண்மையில் தாங்கியவர் யார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. இங்கே வெளியேற்றம் நடக்கவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, பொறுப்பு படிப்படியாகக் கைமாறியது. ஆனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவராகிவிட்ட தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. பின்னர் சீக்கியரும் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 2022இல் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதற்காக ஆணையம் அமைக்கப்பட்டது. மதம் மாறியதால் சேரி ஊராகிவிடவில்லை என்பதை இந்த வட்டாரத்துக் கிராமங்களைப் பார்த்தவர் எவரும் அறிவார். அந்த விலக்கு அநீதி என்பதே என் முடிவு.

லண்டன் மிஷனின் கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் ஆசிய, ஆப்பிரிக்கக் கல்விப் பள்ளியில் இருக்கின்றன. பிரெஞ்சுக் குருக்களின் அறிக்கைகள் பாரிசில், மிசூரி லூத்தரன்களின் தாள்கள் செயின்ட் லூயிசில். அவை பத்திரமாக இருக்கின்றன. பத்திரமாக இல்லாதவை நம்மிடம் இருப்பவை: பழைய கோயில்களின் ஞானஸ்நான, மரணப் பதிவேடுகள், உபதேசியார் வீட்டுப் பரணில் கிடக்கும் நோட்டுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள். தாது வருஷத்தில் எந்த ஊரில் எத்தனை கிறிஸ்தவர்கள் செத்தார்கள் என்பதற்கு அந்த மரணப் பதிவேட்டைவிட நெருக்கமான சான்று கிடைக்காது. கடத்தூர், பொம்மிடி, அரூர், கோவிலூர்ப் பக்கத்துப் பங்குகளும், சபைகளும், பழைய ஆசிரியர் குடும்பங்களும் இவற்றைக் கரையானுக்கு விடாமல் படமெடுத்து வைக்கவேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குப் பிரதி தரவேண்டும். உங்கள் தாத்தாவோ பாட்டியோ உபதேசியாராக, பள்ளி ஆசிரியராக, மிஷன் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்திருந்தால், அவர் பெயரையும் வேலை பார்த்த ஊரையும் ஆண்டையும் இந்த வாரமே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.